கிறிஸ்தவக் கொடியின் வரலாறு என்ன? ஞாயிறு பள்ளி மேடையில் வைக்கலாமா?

கேள்வி: வியாசர்பாடி டீச்சர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வியாசர்பாடியில் ஒரு சின்ன சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் ஜீவா ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் இருந்து வருகிறவர்கள். அடுத்த மாதம் எங்கள் ஞாயிறு பள்ளி ஆண்டு விழா.

சபையில் ஒரு தம்பி வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். லீவுக்கு வந்தவர் ஒரு கொடி கொண்டுவந்து கொடுத்தார். முழுக்க வெள்ளை. இடது பக்க மேல் மூலையில் நீலக் கட்டம், அதற்குள் சிவப்புச் சிலுவை. "இதுதான் உலகக் கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் பொதுவான கொடி. மேடையின் ஒரு பக்கம் தேசியக் கொடி, மறுபக்கம் இது. பிள்ளைகள் நின்று உறுதிமொழி சொல்லட்டும்" என்கிறார். உறுதிமொழி ஆங்கிலத்தில் ஒரு அட்டையில் அச்சடித்து வந்திருக்கிறது.

கமிட்டியில் பேச்சு வந்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மூப்பர் ஒருவர், "கொடியேற்றுவது கத்தோலிக்கர் வழக்கம், நமக்கு எதற்கு?" என்றார். இன்னொருவர், "அமெரிக்கக் கொடியில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டுச் சிலுவையைப் போட்டிருக்கிறார்கள்" என்றார். ஒரு பாட்டியம்மா இது இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு) கொடி என்று உறுதியாகச் சொல்கிறார். போதகர் என்னைப் பார்த்து, "நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டார்.

எனக்கு கமிட்டியை விடப் பிள்ளைகள்தான் முக்கியம். போன ஞாயிறு கொடியை விரித்துக் காட்டினேன். சிலுவை ஏன் சிவப்பு என்று கேட்டார்கள், சொன்னேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்போ நீலம் எதுக்கு மிஸ்?" என்றான். அவனுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும், வாய்க்கு வந்ததைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இந்தக் கொடியை யார், எப்போது உருவாக்கினார்கள்? நிறங்களுக்குச் சொல்லும் அர்த்தம் ஆரம்பத்திலிருந்தே இருப்பதுதானா? பயன்படுத்த யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: எம்.சி. ரோடு தையல்

டீச்சரம்மா, பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்சந்தில் எங்கள் தையல் கடை. அப்பா காலத்திலிருந்து கொடி தைக்கிறோம். கட்சிக் கொடி, அம்மன் கோயில் கொடி, தர்கா கொடி, மாதா கோயில் கொடி, எல்லாமே அதே மிஷினில்தான். தைக்கக் கொடுக்கிறவர்கள் அளவும் நிறமும் சொல்வார்கள். எதற்கு இந்த நிறம் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. எனக்கோ தெரியாமல் தைக்க மனம் வராது. அதனால் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்து வைத்திருக்கிறேன். உங்கள் மாணவன் கேட்ட கேள்வி அருமையான கேள்வி. அவனுக்காகவே விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் கொடி பிறந்ததே ஒரு ஞாயிறு பள்ளியில்தான். நியூயார்க்கில் ப்ரூக்ளின் பக்கம் கோனி ஐலண்ட் என்று ஒரு கடற்கரை. அங்கே பிரைட்டன் சேப்பல் என்ற ஆலயம். 1897 செப்டம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை முடிந்து பிள்ளைகளை மறுபடி ஒன்றுசேர்க்கும் விசேஷ நாள். பேச அழைத்திருந்தவர் வரவில்லை. ஞாயிறு பள்ளியின் கண்காணிப்பாளர் சார்லஸ் ஓவர்டன் தானே எழுந்து பேச வேண்டியதாயிற்று. கையில் குறிப்பு எதுவும் இல்லை. மேடையில் அமெரிக்கக் கொடி இருந்தது. அதைக் காட்டி, இந்த நிறத்துக்கு இந்த அர்த்தம் என்று பேச்சைத் தொடங்கியவர், கிறிஸ்தவர்களுக்கு ஒரு கொடி இருந்தால் அது எப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடமே கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் வெள்ளைத் துணி, நீல மூலை, சிவப்புச் சிலுவை.

ஆகவே உங்கள் கமிட்டிக்காரர் சொன்னது முழுத் தப்பு இல்லை. மூன்று நிறமும், மூலையில் கட்டம் வைக்கும் அமைப்பும் அமெரிக்கக் கொடியைப் பார்த்து வந்தவைதான். கண்ணெதிரே இருந்ததை வைத்துப் பாடம் நடத்தினார் மனிதர். நல்ல ஆசிரியர் அதைத்தானே செய்வார்?

பத்து வருஷம் அது அப்படியே இருந்தது. 1907ல் ரால்ஃப் டிஃபென்டார்ஃபர் என்பவர் ஓவர்டனோடு சேர்ந்துகொண்டார். மெதடிஸ்ட் வாலிபர் மிஷனரி இயக்கத்தின் செயலாளர் அவர். கொடியைத் தயாரித்துப் பல சபைகளுக்கும் கொண்டுபோனார்கள். கண்பார்வை இல்லாமலே ஆயிரக்கணக்கில் ஞானப்பாட்டு எழுதிய ஃபேனி கிராஸ்பி இந்தக் கொடிக்கென்றே ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அவருடைய மற்ற பாட்டுகள் சில தமிழாகி நம் சபைகளிலும் பாடப்படுகின்றன. 1942ல் அமெரிக்காவின் சபைகள் கூட்டமைப்பு இதை ஏற்றுக்கொண்டது. அதாவது, கொடி மேலிடத்திலிருந்து உத்தரவாக இறங்கி வரவில்லை. சண்டே ஸ்கூலில் பிறந்து, சபை சபையாகப் போய், கடைசியில்தான் பெரியவர்கள் கையெழுத்துக்கு வந்தது.

அனுமதி கேட்டீர்கள். யாரிடமும் வாங்க வேண்டாம். இந்தக் கொடிக்குக் காப்புரிமை எடுக்கவே இல்லை. யார் வேண்டுமானாலும் தைக்கலாம், விற்கலாம், ஏற்றலாம். எந்த ஒரு பிரிவுக்கும் சொந்தமில்லை. எனக்கு இந்தக் கொடியில் மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போது பையனின் நீலம். வெள்ளை என்றால் பரிசுத்தம், சமாதானம். சிவப்பு என்றால் கிறிஸ்து சிந்திய இரத்தம், அவருடைய தியாகம். நீலம் என்றால் விசுவாசத்தில் உண்மையாக இருப்பது. சிலர் ஞானஸ்நானத் தண்ணீர் என்பார்கள், சிலர் வானம் என்பார்கள். சிவப்பைப் பற்றி மட்டும் எங்கே கேட்டாலும் ஒரே பதில். மற்ற இரண்டும் சபைக்குச் சபை கொஞ்சம் மாறும். உங்கள் மாணவனிடம் அதை அப்படியே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். "நீலத்துக்கு உண்மையாயிருத்தல் என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள், உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று அவனையும் கேளுங்கள். ஓவர்டன் செய்ததும் இதுதான்.

நிறத்துக்குத் தானாக ஒரு அர்த்தம் கிடையாது என்பதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். 1188ல் சிலுவைப் போருக்குப் புறப்படும்போது அரசர்கள் கூடிப் பேசி, பிரெஞ்சுக்காரர்களுக்குச் சிவப்புச் சிலுவை, இங்கிலாந்துக்காரர்களுக்கு வெள்ளைச் சிலுவை, ஃபிளாண்டர்ஸ்காரர்களுக்கு (இன்றைய பெல்ஜியம் பக்கம்) பச்சைச் சிலுவை என்று பிரித்துக்கொண்டார்கள். அங்கே சிவப்பு இரத்தத்தையும் குறிக்கவில்லை, பச்சை எதையும் குறிக்கவில்லை. யார் எந்தப் படை என்று அடையாளம் தெரிந்தால் போதும் என்று வைத்த நிறங்கள். பின்னால் இங்கிலாந்துக்கே சிவப்புச் சிலுவை அடையாளம் ஆகிவிட்டது. வெள்ளையில் சிவப்புச் சிலுவை, அது புனித ஜார்ஜின் கொடி. நம் ஊர்க் கோட்டைக்கும் அவர் பெயர்தான். 1707க்கு முன்பு கிழக்கிந்திய கம்பெனியின் கப்பல் கொடியில் சிவப்பு வெள்ளைப் பட்டைகளும் மூலையில் அதே ஜார்ஜ் சிலுவையும் இருந்தன. நம் கடற்கரையில் அந்தக் காலத்துச் சனங்கள் துணியில் சிலுவையைப் பார்த்தபோது அது சரக்கையும் பீரங்கியையும் கொண்டுவந்த கம்பெனியின் அடையாளமாகத்தான் வந்தது. இதை நினைத்து நான் வருத்தப்படுவது உண்டு. அதே சிலுவைதான், அதே சிவப்புதான். யார் கையில் இருக்கிறது, எதற்காகத் தூக்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் அது நற்செய்தியா இல்லையா என்பது.

அதனால் கமிட்டியில் முதலில் பேச வேண்டியது, இந்தக் கொடி உங்கள் ஆண்டு விழாவில் என்ன வேலை செய்யப் போகிறது என்பதைத்தான். அது முடிவானால் எங்கே வைப்பது, எப்படி வைப்பது எல்லாம் தானாக முடிவாகிவிடும்.

பதில்: காசிமேடு கடலோரம்

"கத்தோலிக்கர் வழக்கம்" என்று மூப்பர் சொன்னதால் எழுதுகிறேன். கோபமாக இல்லை டீச்சர், சந்தோஷமாகத்தான்.

எங்கள் கொடி வேறு, நீங்கள் சொல்லும் கொடி வேறு. எங்களுக்குக் கொடியேற்றம் என்றால் திருவிழா ஆரம்பம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள். தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு ஜூலை 26 கொடி, ஆகஸ்ட் 5 திருவிழா. இங்கே வடசென்னையில் ஒவ்வொரு பங்கிலும் அவரவர் பாதுகாவலர் திருநாளுக்கு ஏற்றுவோம். பெரம்பூர் லூர்து மாதாவுக்கு பிப்ரவரி 11. இராயபுரத்தில் படகோட்டிகள் சொந்தக் காசில் கட்டிய இராயப்பர் (புனித பேதுரு) கோயில் இருக்கிறது, அவர் திருநாள் ஜூன் 29. கொடியில் புனிதரின் படம் இருக்கும். தெருத் தெருவாகப் பவனி எடுத்து வருவோம். பங்குத்தந்தை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் கயிற்றில் கட்டுவோம். மேலே போய் அது விரியும்போது வெடி, பேண்டு, "மரியே வாழ்க" என்ற சத்தம். அன்றிலிருந்து நவநாள், அதாவது ஒன்பது நாள் ஜெபம். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் கறிமீன் எடுக்க மாட்டோம். திருவிழா முடிந்ததும் கொடியிறக்கம். அவ்வளவுதான், அடுத்த வருஷம் வரைக்கும் கொடிமரம் வெறும் மரம்.

நாள் குறித்து ஊருக்குச் சொல்வதுதான் எங்கள் கொடியின் வேலை. கடலுக்குப் போனவர்கள் எந்தத் தேதிக்குள் கரைக்கு வரவேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள் என்று என் மாமனார் சொல்வார். இந்த வழக்கம் எங்களுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. பக்கத்துத் தெரு கோயிலிலும் விழாவுக்கு முதலில் கொடியேற்றம்தான். நாகூர் தர்காவில் கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலமாக வந்து ஏறும். இது இந்த மண்ணின் வழக்கம், நாங்களும் அதில் ஒரு பங்கு.

வீதி முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகத் தோரணம் கட்டுவோமே, அந்த நிறங்களுக்கு என்ன கதை என்று தையல்காரர் அண்ணன் சொன்னால் எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

பதில்: சேனைக்காரர் வீட்டுப் பிள்ளை

பாட்டியம்மாவுக்கு என் வணக்கம், ஆனால் அது எங்கள் கொடி இல்லை. இரட்சணிய சேனைக் கொடி சிவப்புத் துணி, சுற்றிலும் நீலக் கரை, நடுவில் மஞ்சள் நட்சத்திரம். நட்சத்திரத்தில் "இரத்தமும் அக்கினியும்" என்று எழுதியிருக்கும். சிவப்பு இயேசுவின் இரத்தம், மஞ்சள் பரிசுத்த ஆவியின் அக்கினி, நீலம் தேவனுடைய பரிசுத்தம்.

முதல் கொடியை கேத்தரின் பூத் அம்மையார் 1878ல் இங்கிலாந்தில் கோவென்ட்ரி ஊர்க் கூட்டத்தாரிடம் கொடுத்தார். அப்போது நடுவில் நட்சத்திரம் இல்லை, சூரியன் இருந்தது. 1882ல்தான் நட்சத்திரமாக மாறியது. அதே வருஷம்தான் ஃபிரெடெரிக் டக்கர் தலைமையில் சேனை பம்பாயில் வந்து இறங்கியது. பார்சி மக்களுக்குச் சூரியன் புனிதமானது, அவர்கள் மனம் புண்படக் கூடாது என்று மாற்றினார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும், எனக்கும் உண்டு.

எங்களுக்குக் கொடி மேடை அலங்காரம் கிடையாது. குழந்தையைப் பிரதிஷ்டை செய்வது அதன் கீழே. போர்ச்சேவகராக, அதாவது சேனையின் முழு உறுப்பினராக உறுதி எடுப்பதும் அதன் கீழே. தெருப் பிரசங்கத்துக்குப் போனால் கொடி முன்னால் போகும். என் தாத்தா இறந்தபோது பெட்டிக்கு முன்னால் அதே கொடியில் வெள்ளை ரிப்பன் கட்டி எடுத்துப் போனார்கள். கறுப்பு ரிப்பன் கட்ட மாட்டோம், மகிமைக்குப் பதவி உயர்ந்தார் என்றுதான் சொல்வோம்.

கேள்வி கேட்டவர்: வியாசர்பாடி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று பதில்களையும் பிரிண்ட் எடுத்து கமிட்டியில் வாசித்தேன். மூப்பர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாகூர் விஷயம் எனக்குத் தெரியாதே" என்றார். பாட்டியம்மா, சின்ன வயதில் சூளையில் சேனையின் தெருக்கூட்டம் பார்த்ததாகச் சொன்னார், அந்த ஞாபகம்தான்.

இன்னும் இரண்டு விஷயம் பாக்கி. தம்பி, "சபைக் கொடிதான் உயரமாக இருக்க வேண்டும், தேவன் தேசத்தைவிடப் பெரியவர்" என்கிறார். அவர் பக்தியோடு சொல்கிறார், வீம்புக்கு இல்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டாவது, பிள்ளைகளின் அம்மாமார் சிலர் கிறிஸ்தவர்கள் இல்லை. பாட்டும் கதையும் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்று நம்பி அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் கலவரத்தில் இந்தக் கொடியைப் பிடித்திருந்தார்கள் என்று ஒருவர் போனில் காட்டினார். அது உண்மையா? பிள்ளைகள் உறுதிமொழி சொல்லலாமா? தையல்கார அண்ணன், மறுபடி உங்களைத்தான் கேட்கிறேன்.

பதில்: எம்.சி. ரோடு தையல்

முதலில் தேசியக் கொடி. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள இந்தியக் கொடி விதித் தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது: தேசியக் கொடியைவிட உயரமாகவோ, அதற்கு மேலேயோ, அதற்குப் பக்கத்தில் சமமாகவோ வேறு கொடி இருக்கக் கூடாது. ஒரே கம்பத்தில் இரண்டையும் கட்டக் கூடாது. பேச்சு மேடையில் வைத்தால், கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பேச்சாளருக்கு வலது கைப்பக்கம் வைக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது இடது பக்கமாகத் தெரியும், இங்கேதான் பலர் மாற்றி வைக்கிறார்கள். ஆகவே தம்பி சொல்வது போல இரண்டு கம்பம் நட்டு இரண்டு கொடி வேண்டாம். தேசியக் கொடி வைப்பதானால் மேடையில் அது மட்டும் இருக்கட்டும். சபைக் கொடியைக் கம்பம் இல்லாமல், மேடையை விட்டுத் தள்ளி, ஞாயிறு பள்ளி வகுப்புச் சுவரில் விரித்து மாட்டுங்கள்.

தம்பியிடம் இதையும் சொல்லுங்கள். தேவன் பெரியவர் என்பதற்குக் கம்பத்தின் உயரம் சாட்சி இல்லை. இருபதாம் சங்கீதத்தில் தேவனுடைய நாமத்தில் கொடியேற்றுவோம் என்று வருகிறது. அடுத்த வரிகளிலேயே இரதங்களையும் குதிரைகளையும் நம்புகிறவர்களிலிருந்து தங்களைப் பிரித்துக்கொள்கிறான் பாடுகிறவன். பலத்தைக் காட்ட ஏற்றும் கொடி அந்தச் சங்கீதத்தில் இல்லை.

போனில் காட்டியது உண்மைதான். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் நுழைந்தபோது, செனட் அவைக்குள்ளேயே ஒருவர் இந்தக் கொடியைக் கொண்டுபோனார். படம் உலகம் முழுக்கப் போனது. அதைப் பார்த்த அன்று நான் மிஷினில் உட்காரவில்லை, மனது அவ்வளவு கஷ்டப்பட்டது. அதே கொடியைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பாஸ்டன் நகர மன்றத்தின் முன்னால் உள்ள கம்பத்தில் பல அமைப்புகள் தங்கள் கொடியை ஏற்றிக்கொள்ள அப்போது விட்டுவந்தார்கள். இந்தக் கொடியை ஏற்றக் கேட்டபோது மட்டும் மறுத்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 மே 2 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, மற்றவர்களுக்குக் கொடுத்த வாய்ப்பை இவர்களுக்கு மறுத்தது தவறு என்று தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து அம்மாமாரிடம் சொல்லுங்கள். ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்லாதீர்கள், பிறகு நம்ப மாட்டார்கள்.

உறுதிமொழி விஷயத்தில் என் கருத்து, வேண்டாம் என்பதுதான். அந்த வாசகத்தை 1908ல் லின் ஹரோல்ட் ஹஃப் என்ற மெதடிஸ்ட் ஊழியர் எழுதினார். அமெரிக்கப் பள்ளிகளில் தங்கள் தேசியக் கொடிக்குச் சொல்லும் உறுதிமொழியின் அச்சிலேயே எழுதப்பட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பழகிய ஓசை, நம் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. ஒரு துணியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து ஆங்கிலத்தில் ஒப்பிக்கும்போது அவர்களுக்குப் புரிவது என்ன? வேறு மதத்து வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் அம்மா நம்பி அனுப்பியது உறுதிமொழி எடுக்க இல்லை. விசுவாசப்பிரமாணம் சபைக்கு இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டியவர்கள் தெரிந்து சொல்லட்டும்.

அதற்குப் பதில் இந்தக் கொடியை அது பிறந்த வேலைக்கே பயன்படுத்துங்கள். அது பாடம் நடத்தப் பிறந்த கொடி. சேனைக் கொடி தெருவில் முன்னால் நடக்கிற கொடி. காசிமேட்டம்மா சொன்ன கொடி திருநாளை அறிவிக்கிற கொடி. மூன்றுமே நல்ல வேலைதான், ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் வைக்கும்போதுதான் சண்டை வருகிறது. ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு வரட்டும். இன்னொன்று நீலக் கட்டத்தைக் கொண்டுவந்து வைத்து அதன் அர்த்தம் சொல்லட்டும். அந்த நாலாம் வகுப்புப் பையனுக்கே நீலத்தைக் கொடுங்கள். கடைசியில் சிலுவை. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், பார்க்கிற அம்மாமாருக்கும் புரியும்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ல் நம் சென்னையில், கதீட்ரல் ரோட்டில் உள்ள செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தொடங்கியது. அது வெளியூர்ச் சின்னம் எதையும் இரவல் வாங்கவில்லை. சிலுவையையும் தாமரையையும் சேர்த்துச் சின்னம் அமைத்துக்கொண்டது. தாமரை இதழ்களே ஆவியானவரின் அக்கினி நாவுகள் போலவும் தெரியும். பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாகச் சேர்ந்த நாள் அது, யோவான் 17ல் ஆண்டவர் ஜெபித்த ஒருமையைத்தான் சின்னத்தைச் சுற்றி எழுதி வைத்தார்கள். ஓவர்டன் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வியை உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் கேட்டுப் பாருங்கள். வியாசர்பாடியில் ஒரு சபைக்குக் கொடி இருந்தால் அதில் என்ன இருக்கும்? அவர்கள் வரைந்து கொடுத்தால் நான் தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

காசிமேட்டம்மாவுக்கு மஞ்சள் வெள்ளைக் கதை. பழைய காலத்தில் போப்பாண்டவரின் நிறங்கள் சிவப்பும் மஞ்சளும்தான். 1808ல் நெப்போலியனின் படை ரோமாபுரியைப் பிடித்து, போப்பின் வீரர்களைத் தன் படையோடு சேர்த்துக்கொண்டது. அவர்கள் தொப்பியில் பழைய சிவப்பு மஞ்சள் அப்படியே இருந்தது. யார் நம்மவர், யார் அவர்கள் பக்கம் போனவர் என்று தெரியவில்லை. அப்போதைய போப் ஏழாம் பத்திநாதர் (ஏழாம் பயஸ்) தன்னோடு உண்மையாக நின்றவர்களுக்கு மஞ்சளும் வெள்ளையும் கொடுத்தார். 1929ல் வத்திக்கான் தனி நாடானபோது அதே நிறங்கள் நாட்டுக் கொடி ஆயின. நெருக்கடியில் கைவிடாமல் நின்றவர்களின் நிறம் அது. உங்கள் தோரணத்தை இனி பார்க்கும்போது இதுதான் எனக்கு ஞாபகம் வரும். தைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: வத்திக்கான் கொடி சதுரம். மஞ்சள் கம்பத்தை ஒட்டிய பக்கம், வெள்ளை வெளிப்பக்கம், சாவிகள் இரண்டும் கிரீடமும் வெள்ளையில்தான் வர வேண்டும். திருவிழாச் சமயத்தில் மாற்றித் தைத்துத் தொங்கவிட்டதை நிறைய இடங்களில் பார்க்கிறேன்.

கேள்வி கேட்டவர்: வியாசர்பாடி டீச்சர்

அண்ணா, நிறைவாக இருக்கிறது. தம்பியும் ஒத்துக்கொண்டார். மேடையில் தேசியக் கொடி மட்டும், உறுதிமொழி இல்லை. பிள்ளைகளே கொடியைச் சேர்த்துக் காட்டப் போகிறார்கள். தம்பி கொண்டுவந்த கொடி மெல்லிய துணி, ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட். அதை வெட்ட மனமில்லை, அவர் அன்பாகக் கொடுத்தது. புதிதாகத் துணி எடுத்தால் என்ன எடுப்பது, எப்படி வெட்டுவது?

பதில்: எம்.சி. ரோடு தையல்

கோடவுன் தெருவில் காட்டன் பாப்ளின் எடுங்கள். சாட்டின் வேண்டாம், மேடை விளக்கில் கண் கூசும், பிள்ளைகள் கையில் வழுக்கும். ஆறடிக்கு நாலடி போதும். நீலக் கட்டம் கொடியின் உயரத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டினால் பார்வைக்குச் சரியாக இருக்கும்.

இந்தக் கொடியில் ஒரு சிக்கல் உண்டு, பழைய கொடிக் கலைஞர்களும் இதைச் சொல்வார்கள். அடர் நிறத்தின் மேல் அடர் நிறம் வைக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. இங்கே நீலத்தின் மேல் சிவப்பு. தூரத்தில், அதுவும் சாயங்காலத்தில், சிலுவை நீலத்தோடு கலந்து மங்கிவிடும். சிலர் இதற்காகச் சிலுவையைச் சுற்றி வெள்ளைக் கரை வைக்கிறார்கள். மூல அமைப்பில் கரை கிடையாது, எனக்கும் பிடிக்காது. நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே சரிசெய்துவிடலாம். நேவி ப்ளூ எடுக்காதீர்கள், ஸ்கூல் யூனிஃபார்ம் போலாகிவிடும். நல்ல நடு நீலம் எடுங்கள், சிவப்பு மிளகாய்ச் சிவப்பாக இருக்கட்டும், மெரூன் கூடாது. சிலுவையின் கீழ்க்கால் மற்ற மூன்றையும்விட நீளமாக இருக்க வேண்டும், எந்த முனையும் கட்டத்தின் ஓரத்தைத் தொடக் கூடாது.

சிவப்புத் துணியை வெட்டுவதற்கு முன்பு உப்புப் போட்ட தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துண்டில் பிழிந்து பாருங்கள். சாயம் இறங்கினால் அந்தத் துணியே வேண்டாம், கடைக்காரரிடம் மாற்றிவிடுங்கள். முதல் மழைச்சாரலிலேயே வெள்ளை எல்லாம் ரோஸ் ஆகிவிடும், அழுதாலும் போகாது. சிலுவையை இரண்டு பக்கமும் வைத்துத் தைக்க வேண்டும். பிள்ளைகள் கையில் ஒட்டுவதற்கு வெல்க்ரோ போதும், விழா முடிந்த பிறகு கடைக்குக் கொண்டுவந்தால் நிரந்தரமாகத் தைத்து, கம்பப் பக்கம் கித்தான் பட்டி வைத்து ஐலெட் அடித்துத் தருகிறேன். வெட்டிய அளவை ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள், அடுத்த வருஷம் வேறு சபை கேட்டால் கொடுக்கலாம்.